இரண்டு கிரெய்ன் கூடப் போடச் சொன்னவன்

தம்பி,

முதலில் எழுந்துபோய் மேஜைமேல் இருக்கும் தோட்டாப் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வா. உன் மாமனாருக்குக் கொடுத்த பத்தையும் திரும்ப வாங்கி அதோடு சேர்த்து வை. அப்புறம் உட்கார்ந்து இதைப் படி. நலம் விசாரிப்பதெல்லாம் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயும் அவரும் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறீர்கள். நான் சொல்லிக்கொடுத்தபடி நீயே வெடிமருந்து அடைத்த தோட்டாக்களோடு போகிறீர்கள். அதற்குள் இந்தக் கடிதம் உன் மண்டையில் ஏறியாக வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை நீ போனை எல்லாரும் கேட்கும்படி சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மாமனார், "போன்ழூர், மோன் சர்ழான்!" என்று முழங்கினார். நான் ராணுவத்தில் சர்ழான், அதாவது சார்ஜன்ட், ஆனதே இல்லை. சர்ழான்களுக்குச் சோறு போட்டிருக்கிறேன். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. பிரான்ஸில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை நீ தனியாகத்தான் இருந்தாய். "தம்பி, எனக்குத் துப்பாக்கியப் பத்தி ஒண்ணுமே தெரியாதுடா" என்றேன். நீ சிரித்தாய். "நீங்க எப்பவும் இப்டித்தாம்பா. தெரிஞ்சவங்க எவனும் தெரியும்னு சொல்லிக்க மாட்டான்" என்றாய். முப்பது வருஷம் நான் சொன்ன பொய்யை எல்லாம் அப்படியே நம்பியவன், முதல் முறையாக உண்மையைச் சொன்னால் அடக்கம் என்கிறாய். மூன்றாவதாக, "மருந்தத் தொடாதே" என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய். அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் பேனாவைத் தேடினேன்.

அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அம்மா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவாள். இது ஒளித்து வைக்க வேண்டிய கடிதம் இல்லை. மருமகளுக்கும் அவள் அப்பாவுக்கும் பிரெஞ்சில் வாசித்துக் காட்டு. அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

விஷயம் இதுதான். நான் பிரெஞ்சு ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்தது உண்மை. பென்ஷன் வருவதும் உண்மை. பிரான்ஸின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி சட்டையில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு, ஓய்வுபெற்ற மற்ற சொல்தாக்களோடு கடற்கரையில் நடப்பதும் உண்மை. ஆனால் அந்தப் பதினேழு வருஷமும் என் கையில் இருந்தது கரண்டி. உன் அப்பா சமையல்காரன், பிரெஞ்சில் குய்சினியே. பயிற்சி முகாமில் எல்லாருக்கும் போல எனக்கும் துப்பாக்கி கொடுத்தார்கள். ஐந்து குண்டு சுட்டேன். என் பலகையில் ஒரு ஓட்டைகூட இல்லை. பக்கத்தில் ஐந்து சுட்டவனுடைய பலகையில் ஏழு ஓட்டை இருந்தது. பயிற்சி கொடுத்தவர் என்னைத் திட்டக்கூட இல்லை. வெங்காயம் நறுக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அத்தோடு என் துப்பாக்கி வாழ்க்கை முடிந்தது.

நம் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தைப் பற்றி இப்போது கேட்பாய். ஆப்பிரிக்காவில், ஜிபூத்தி முகாமில் எடுத்தது. நான் துப்பாக்கியோடு நிற்கிறேன், என் பூட்ஸ் ஒரு காட்டுப்பன்றியின்மேல் இருக்கிறது. அதைச் சுட்டவர் எங்கள் அதிகாரி, கப்பித்தேன். சமையலறை வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டு, இதை ராத்திரிக்குள் ஏதாவது செய் என்றார். அவரிடம் ஒரு புது கேமரா இருந்தது, கை துறுதுறுவென்றிருந்தது. தன் துப்பாக்கியை என் கையில் கொடுத்து நிற்கவைத்து எடுத்தார். உற்றுப் பார், இடுப்பில் ஏப்ரன் தெரியும். நீ சின்ன வயசில் அதைக் காட்டி இன்னாப்பா இது என்று கேட்டாய். பாலைவனத்தில் மணல் படாமல் இருக்கக் கட்டுவது என்றேன். நீயும் நம்பினாய்.

ஏன் சொல்லவில்லை என்றால், சொல்ல நேரமே கிடைக்கவில்லை. நான் திரும்பி வந்தபோது உனக்கு ஐந்து வயசு. சாரம் பகுதியில் வீடு கட்டிக் குடிவந்த முதல் வாரமே தெருவில் எனக்குச் சொல்தா என்று பேர் விழுந்துவிட்டது. நம்மூர் மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் காலையில் சைக்கிளை நிறுத்தி, "இன்னா சொல்தா, பாகிஸ்தான்காரன் வந்தா பாத்துக்குவியா?" என்று கேட்பார்கள். பாகிஸ்தானுக்கும் பிரான்ஸுக்கும் என்ன சண்டை என்று கேட்காமல் நானும் மீசையைத் தடவிக்கொண்டு பார்த்துக்கலாம் என்பேன். வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவில் பலூன் சுடுகிற கடையைப் பார்த்து, "நீங்க சுடுங்கப்பா" என்று நீ கையைப் பிடித்து இழுத்தாய். நிஜத் துப்பாக்கி பிடித்த கை பொம்மையைத் தொடாது என்றேன். நீ அதை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாய். அன்றைக்கு ஒரு பலூனைத் தவறவிட்டிருந்தால் இன்றைக்கு இவ்வளவு பெரிய கடிதம் எழுத வேண்டியிருக்காது.

மற்ற சொல்தாக்கள் எப்படிக் காட்டிக்கொடுக்காமல் இருந்தார்கள் என்று யோசிப்பாய். எல்லாரும் என் கையால் சாப்பிட்டவர்கள், இன்னமும் வருஷத்துக்கு ஒரு தடவை சொல்தா சங்கத்து விருந்தில் சாப்பிடுகிறவர்கள். சமையல்காரனைப் பகைத்துக்கொள்கிற முட்டாள் எந்த ராணுவத்திலும் கிடையாது. நம் வீட்டில் மட்டும் நான் உன் கண்ணெதிரே அடுப்பங்கரைப் பக்கம் போகவில்லை. நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம். உன் அம்மா வைக்கிற சாம்பாரை இத்தனை வருஷமும் வாய் பேசாமல் சாப்பிட்டேன். பதக்கம் கொடுக்க வேண்டுமானால் அதற்குத்தான் கொடுக்க வேண்டும். இதை அவளே படம் எடுத்து அனுப்பப்போகிறாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ பூசைக்குப் போய்விட்டு வருவதற்குள் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்குமே, அங்கே போனபிறகும் "அம்மா, உன் குழம்பு மாதிரி வரமாட்டேங்குதும்மா" என்று போனில் புலம்புவாயே, அது நான் வைத்தது. அம்மாவிடம் பக்குவம் கேட்டபோதெல்லாம் அவள் முழித்தது அதனால்தான்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்த கூத்து, யாருக்கும் சேதமில்லை. உன் கல்யாணத்தில்தான் விஷயம் எல்லை தாண்டியது. உன் மாமனாருக்கு உன்னை முதலில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அது உனக்கும் தெரியும். விருந்தில் என் எதிரே உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீ போனில் அந்த ஜிபூத்தி படத்தை எடுத்துக் காட்டினாய். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் பரம்பரை வேட்டைக்காரர். எத்தனை மீட்டரில் சுட்டீர்கள், என்ன குண்டு என்று அடுக்கிக்கொண்டே போனார். உண்மையைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். அந்த வீட்டில் அன்றைக்குத்தான் உனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நூற்றைம்பது மீட்டர், ஒரே குண்டு என்றேன். அவர் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அதற்கடுத்த வருஷம் உன்னைத் தன் வேட்டைக் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார், பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வைத்தார், தோட்டாவை வீட்டிலேயே அடைக்கிற சாமான்களையும் பரிசாகக் கொடுத்தார்.

போன வாரம் நீ போன் செய்து, "எந்தக் குண்டு போடலாம்பா, எந்த மருந்து, எவ்ளோ?" என்று கேட்டாய். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பன்றிக்கா, ராணுவத்தில் போடுகிற மாதிரி முழுக்கச் செம்பு மூடிய கெட்டிக் குண்டு போடு, அதுதான் ஆழமாகப் போகும் என்றேன். மருந்து எவ்வளவு என்றாய். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். நீ இத்தனை கிரெய்ன் என்று ஏதோ ஓர் அளவு சொல்லி, அதுதான் உச்சம் என்று போட்டிருக்கிறது என்றாய். "பொஸ்தகத்துல வக்கீலுக்குப் பயந்து கொறச்சித்தாண்டா எழுதுவான். நீ ரெண்டு கூடவே போடு" என்றேன். எவ்வளவு தைரியம் பார் எனக்கு! கிரெய்ன் என்றால் எடையா எண்ணிக்கையா என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. நீயும் சரிப்பா என்று இருபது தோட்டா அடைத்துவிட்டு, மறுநாள் அழகாக வரிசையில் நிற்கவைத்துப் படமும் அனுப்பினாய், இதில் பத்து மாமனாருக்கு என்று எழுதி.

நான் போனை வைத்தபோது அம்மா பக்கத்தில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க, அது கொழம்பா?"

"எது?"

"கூடக் கொஞ்சம் போடுன்னு சொன்னீங்களே, அது. வெடிக்கிற சாமான்தான? யார் கைல வெடிக்கும் அது?"

சும்மா இரு, உனக்கு என்ன தெரியும் என்றேன். ஆனால் நீ அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் ராயப்பன் மாமாவைத் தேடிக்கொண்டு போனேன். எப்போதும் அவிழ்கிற கைலியோடு திண்டாடிக்கொண்டிருக்கிற ஆள் என்றுதானே உனக்கு அவரைத் தெரியும்? எங்கள் முகாமில் துப்பாக்கி பழுது பார்த்தவர் அவர்தான். தோட்டா, மருந்து எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். எல்லாம் தெரிந்த அவர் இரும்பு உருண்டை உருட்டிப் பெத்தாங்க் ஆடிக்கொண்டிருக்கிறார், ஒன்றும் தெரியாத நான் மீசை வைத்துக்கொண்டு திரிகிறேன். ஆட்டத்தின் நடுவில் அவரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கையிலிருந்த உருண்டையை அப்படியே கீழே போட்டுவிட்டார்.

"உச்சத்துக்கு மேல ரெண்டா? எந்த மருந்து?"

"தெரியல."

"குண்டு எவ்ளோ எடை?"

"கேக்கல."

"கேக்காமயே சொன்னியா? டேய், நீ போட்டது உப்பாடா? கொழம்புல உப்பு கூடிப்போனா உருளைக்கெழங்கு போடுவ. இதுல கூடிப்போனா இன்னா போடுவ?"

அவர் என்னை மரத்தடியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகு ஒன்றரை மணி நேரம் திட்டினார். திட்டுக்கு நடுவில் சொன்னதை எல்லாம் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். இதில் என் சரக்கு ஒரு சொல்கூட இல்லை. அதனால் நம்பிப் படி.

முதலில் குண்டைத் தீர்மானிக்க வேண்டுமாம்; மருந்து அதற்குப் பிறகுதான். எந்த மிருகம், எவ்வளவு தூரம், உன் துப்பாக்கிக் குழலின் உள்ளே இருக்கும் சுருள் வரிகள் எவ்வளவு நெருக்கமாகச் சுற்றிப் போகின்றன என்பதையெல்லாம் பார்த்துத்தான் குண்டின் எடையை முடிவு செய்ய வேண்டும். நான் சொன்ன கெட்டிக் குண்டு பன்றிக்குள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்து, அப்படியே போய்க்கொண்டே இருக்குமாம். பன்றி அரைமணி நேரம் துடித்துக்கொண்டு ஓடும். குண்டு புதருக்குப் பின்னால் யார் நிற்கிறார்களோ அவரைத் தேடிப் போகும். பின்னால் நிற்கப்போவது பெரும்பாலும் உன் மாமனார். வேட்டைக்கு, உள்ளே போனதும் முனை மலர்ந்து அங்கேயே வேலையை முடிக்கிற குண்டுதான் வேண்டும். உங்கள் ஊரில் கெட்டிக் குண்டால் வேட்டையாட அனுமதியே கிடையாது என்கிறார் ராயப்பன். அதையும் விசாரித்துக்கொள்.

அப்புறம் மருந்து. நான் எல்லா மருந்தும் ஒன்றுதான், டப்பாதான் வேறு என்று நினைத்திருந்தேன். ஒவ்வொன்றும் எரிகிற வேகம் வேறாம். சின்னக் கைத்துப்பாக்கிக்கான மருந்து காய்ந்த ஓலைபோல் பக்கென்று எரிந்துவிடும். கனமான குண்டைத் தள்ளுகிற ரைஃபிளுக்கு நிதானமாக எரிகிற மருந்து வேண்டும். வேகமானதை ரைஃபிளில் போட்டால் குண்டு நகர்வதற்குள் அழுத்தம் முழுக்க உள்ளே ஏறிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி கறுப்பாகத்தான் இருக்குமாம், மிளகுக்கும் பப்பாளி விதைக்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி. அதனால் மேஜைமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பாதான் திறந்திருக்க வேண்டும். மிச்சத்தை அதே டப்பாவில்தான் கொட்ட வேண்டும். பேர் அழிந்த டப்பாவை யோசிக்காமல் ஒதுக்கிவிட வேண்டும். நான் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மஞ்சள் தூள் போட்டு வைக்கிற ஆள், இதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டேன்.

அளவுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒரு கிரெய்ன் என்பது இரண்டு மூன்று நெல்மணி எடை. அதில் இரண்டு கூடினால் என்ன ஆகிவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. புத்தகத்தில் இருக்கும் உச்ச அளவு வக்கீலுக்குப் பயந்து எழுதியது இல்லை. சோதித்துப் பார்த்து இதற்குமேல் போகாதே என்று போட்ட கோடு. புதிதாக அடைக்கிறவன் உச்சத்தில் ஆரம்பிக்கவே கூடாது. புத்தகத்தில் தொடக்க அளவு என்று தனியாக ஒன்று இருக்கும். அங்கே ஆரம்பித்து, ஒவ்வொரு படியிலும் சுட்ட தோட்டாவின் அடி அழுத்தத்தில் தட்டையாகியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற வேண்டும். சரி, பயமாயிருந்தால் பாதியாகக் குறைத்துப் போடட்டுமே என்று கேட்டேன். அதற்கும் திட்டு விழுந்தது. சில மருந்துகள் அளவு ரொம்பக் குறைந்தாலும் கோளாறு செய்யுமாம். அதே எடையில் வேறு கம்பெனிக் குண்டை மாற்றினால்கூடப் பழைய அளவு செல்லாது, புத்தகத்தை மறுபடி திறக்க வேண்டும். கைப்பக்குவம் என்ற பேச்சே இதில் இல்லை. என் வாழ்நாளில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கைப்பக்குவம்தான். ஒரு நாளும் நான் எதையும் அளந்து போட்டதில்லை. உனக்கு நான் சொன்னது ஒரு சமையல்காரன் சொல்லக்கூடிய புத்திமதி. அதை நீ ராணுவக்காரன் வாய்ச்சொல் என்று எடுத்துக்கொண்டாய். தப்பு உன்னுடையது இல்லை.

கடைசியில் ராயப்பன் என் கன்ன எலும்பைத் தொட்டுக் காட்டினார். சுடும்போது முகம் எங்கே இருக்கும் என்று கேட்டார். அந்த அழுத்தம் எல்லாம் அடைபட்டு நிற்கிற இடத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கிறது. அந்த ஒரு சாணை நினைத்தபோது எனக்கு உன் முகம் ஐந்து வயசு முகமாகத்தான் வந்தது. மைதானம் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். ராயப்பன் என் முதுகைத் தட்டி, "இன்னும் சுடலல்ல? எழுந்திரு, போய்ச் சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன், தம்பி. இனி நீ செய்ய வேண்டியது இரண்டு காரியம். இருபது தோட்டாவையும் நீயே பிரிக்க உட்காராதே. துப்பாக்கிக் கடைக்காரரிடம் எடுத்துப்போய், அளவு கூடிப்போய்விட்டது என்று சொல்லி அவரையே பிரிக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமைக்குக் கடையில் விற்கிற தோட்டாவை வாங்கிக்கொள். மறுபடி அடைக்க ஆசையாக இருந்தால், புத்தகத்தையும் கடைக்காரரையும் கேள். எந்த அப்பனையும் கேட்காதே. இரண்டாவது காரியம் உன் மாமனாரிடம் உண்மையைச் சொல்வது. தோட்டாவைத் திருப்பிக் கேட்டால் ஏன் என்று கேட்பார். அப்போது வேறு பொய் தேடாதே. எங்கப்பா சமையல்காரர், சுடத் தெரியாது என்று சொல். உனக்கு அது கஷ்டம் என்று தெரியும். அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும். கோஷ்டியில் இருக்கிறவர்கள் கொஞ்ச நாள் சிரிப்பார்கள். அப்பா முகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் ஒன்றையும் மறைக்காதே. என் முகம் இத்தனை வருஷம் மீசையிலேயே ஓடிவிட்டது. இப்போது காப்பாற்ற வேண்டியது உன் முகம், அதிலிருக்கிற இரண்டு கண்.

கடைக்காரர் பிரித்து முடித்ததும், இருபது காலித் தோட்டாவையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்பு. கட்டைவிரல் படம் செல்லாது. அது வருகிறவரைக்கும் இந்த வீட்டில் எனக்குச் சோறு கிடையாது என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். "நீங்கதான் பெரிய குய்சினியே ஆச்சே, வேணும்னா நீங்களே ஆக்கித் துன்னுங்க" என்றாள். எல்லாம் தெரிந்துவிட்டது, இனி ஒளிந்து சமைக்க வேண்டியதில்லை. சமையலறைக்குள் போய் அடுப்பையும் பற்றவைத்தேன். பதினேழு வருஷம் முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டவன் நான். ஒரு ஆளுக்கு அரிசி களையக் கை ஓடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சீக்கிரம் அனுப்புடா.

உன் அப்பா